தொட்டியின் ஓட்டையை அடைத்தவன் எழுதுவது

அன்பு மருமகளுக்கு, உன் மாமனார் உட்கார்ந்து யோசித்து எழுதும் மடல்.

இவ்விடம் நான், உன் அத்தை, உன் கணவன் மூவரும் சுகம். நான்காவது ஆளைப் பற்றிப் பின்னால் வருகிறேன். அவ்விடம் உன் சுகத்தை விசாரிக்கக் கூடாது என்று எனக்கு நானே தடை போட்டுக்கொண்டிருப்பதால் விசாரிக்கவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீ கடைசியாக போனில் பேசியது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "மாமா, இந்த லீவுக்கு நான் வரல. கொஞ்ச நாளைக்கு யாரும் போன் பண்ணாதீங்க, நானே பண்றேன்" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போனை வைத்ததும் உன் அத்தை, "நான் என்ன தப்பா கேட்டேன்? சாப்பிட்டியான்னுதானே கேட்டேன்?" என்றாள். "எத்தனை தடவை கேட்ட?" என்றான் உன் புருஷன். நான் நடுவில் புகுந்து நியாயம் பேசப் போனேன். "நீங்க பேசவே பேசாதீங்க. அவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாளான்னு ஒண்ணு, திரும்பி வந்தாளான்னு ஒண்ணு, படுக்கப் போறாளான்னு ஒண்ணு, எல்லாம் யாரு பண்றது?" என்று என்னை மாட்டிவிட்டாள். அந்தக் கண் ஆஸ்பத்திரியில் நீ யாரோ ஒரு பெரியவருக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதெல்லாம் எங்கள் போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது என்பது அப்போது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நீ இனி இந்த வீட்டுப் பக்கம் வருவாயோ மாட்டாயோ என்ற பயம்தான் மூன்று பேருக்கும்.

அதே நாள் பார்த்து உன் செடியும் சாய்ந்துவிட்டது. அதுதான் அந்த நான்காவது ஆள். கல்யாணமாகி வந்த அன்று பெட்டியை டிக்கியில் போட்டுவிட்டு, இதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாயே, அந்தக் குண்டு. சக்குலன்ட் என்று ஏதோ பெயர் சொன்னாய், என் வாயில் அது நுழையவில்லை. இலையெல்லாம் கொழுகொழுவென்று இருந்ததால் நான்தான் குண்டு என்று பெயர் வைத்தேன். நீ அந்தக் கண் ஆஸ்பத்திரி வேலைக்காக வெளியூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டு, "மாமா, இதுக்கு அடிக்கடி தண்ணி வேண்டாம். மண்ணு நல்லா காஞ்சப்புறம் ஊத்துங்க போதும்" என்று தெளிவாகத்தான் சொன்னாய். நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்றால், சாப்பிடும்போது நீ "போதும் மாமா" என்று சொல்வாய் இல்லையா, அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். நம் வீட்டில் போதும் என்று சொன்னால் இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம். பாவம், கூச்சப்படுகிறாள், மாமனாருக்கு வேலை வைக்கக் கூடாது என்று பார்க்கிறாள் என்று நினைத்து நெகிழ்ந்தேன் அம்மா, நெகிழ்ந்தே போனேன்.

அப்புறம் என் உத்தியோகம் வேற. நான் சர்வீஸ் முழுக்க குடிநீர் சப்ளையில வால்வு திறந்தவன். விடியறதுக்கு முன்னாடி தெருமுனையில குனிஞ்சு சாவிய மாட்டித் திருப்பினா, அந்தப் பக்கம் குடத்தோட நிக்கிற ஜனம் அப்படியே மூச்சு விடும். ஒரு நாள் தாமதமா திறந்தாலும் போதும், என் பரம்பரையையே இழுத்து வச்சுத் திட்டுவாங்க. தண்ணி ஜாஸ்தியா வந்துருச்சுன்னு இது வரைக்கும் யாரும் எங்கிட்ட புகார் குடுத்ததே இல்ல, பாத்துக்கோ. அப்படிப்பட்டவன் கையில குண்டைக் குடுத்தா என்ன ஆகும்? காலையில சப்ளை, சாயந்தரம் சப்ளை, வெயில் தெரிஞ்சா மத்தியானம் ஸ்பெஷல் சப்ளை.

இலையெல்லாம் உப்பிக்கிட்டே வந்துச்சு. எனக்கு ஒரே பெருமை. போன்ல உங்கிட்டகூட "குண்டு இன்னும் குண்டாயிட்டா"ன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நீகூட ஒரு நிமிஷம் பேசாம இருந்தே. நான் சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். பிறகு அடியில இருந்த இலைங்க மஞ்சளாச்சு, கண்ணாடி மாதிரி ஆச்சு, விரல் பட்டாலே பொத்துனு உதிர்ந்துச்சு. தாகத்துலதான் உதிருதுன்னு முடிவு கட்டி இன்னும் ஊத்தினேன். அப்பத்தான் ஒரு நாள் அந்த அநியாயத்தைப் பாத்தேன். தொட்டிக்கு அடியில ஒரு ஓட்டை! நான் ஊத்தற தண்ணியெல்லாம் அது வழியா சொட்டு சொட்டா போயிக்கிட்டிருக்கு! எனக்கு எப்படி இருக்கும் சொல்லு? ஊர்ல எத்தனை கசிவை அடைச்சவன், என் வீட்டு ஜன்னல்லயே கசிவா? ஏமாத்துக்காரன், ஓட்டைத் தொட்டிய நம்ம பொண்ணு தலையில கட்டிட்டான்னு கடைக்காரனைத் திட்டிக்கிட்டே, பரண்ல இருந்த வெள்ளை சிமெண்ட்டைக் குழைச்சு, கச்சிதமா அடைச்சு, மேல தேய்ச்சு வழவழன்னு ஆக்கிட்டேன். அன்னைக்கு நிம்மதியா தூங்கினேன்.

நீ அந்த போன் பண்ணின அன்னைக்கு சாயந்தரம், மூணு பேரும் ஆளுக்கொரு மூலையில உம்முனு உட்கார்ந்திருந்தப்ப, சமையலறையில "தொப்"புனு ஒரு சத்தம். போய்ப் பாத்தா குண்டு தலை சாஞ்சு கிடக்கு. தண்டு கறுத்துப் போய், ஒரு வாடை வேற. உன் புருஷன் பேயறைஞ்ச மாதிரி நின்னான். அப்புறம் மெதுவா, "அப்பா, நான் தினமும் வேலைக்குப் போறப்ப என் பாட்டில்ல மிச்சம் இருக்கிற தண்ணிய இதுக்குத்தான் ஊத்திட்டுப் போவேன். அவளுக்கே குடுக்கிற மாதிரி இருக்கும்"னான். பேசவே காசு கேட்கிற பிள்ளை, இப்படியெல்லாம்கூட நினைப்பான்னு எனக்குத் தெரியவே தெரியாது. அதுக்குள்ள உன் அத்தை முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "நான் அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்தினேன், சத்துன்னு நினைச்சு"ன்னா. ஆக மொத்தம் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர், வீடே சேர்ந்து ஊத்தியிருக்கோம். வெளிய போற வழியையும் நான் அடைச்சு வச்சிருக்கேன்.

உன் புருஷன் போன்ல ஒரு வீடியோவைத் தேடிப் போட்டான். அது சொன்னபடி தொட்டியக் கவிழ்த்தா, சேறா கொட்டுது. வேரெல்லாம் பழுப்பா, பிசுபிசுன்னு நசுங்கிப்போயி இருக்கு. அழுகின வேரை வெட்டு, தண்டுல கறுப்புத் தெரியாம போற வரைக்கும் வெட்டுன்னு வீடியோ சொல்லுது. கத்தியை நல்லா கழுவித் துடைச்சு, அவன் வெட்ட, நான் பிடிச்சுக்கிட்டேன். வெட்ட வெட்ட உள்ள கறுப்புதான் வருது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போயி, கடைசியில வெளிர் பச்சையா, சுத்தமா ஒரு வட்டம் தெரிஞ்சுது பாரு, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மிஞ்சினது தலையும், சுண்டுவிரல் நீளத் தண்டும்தான்.

ஆனா உண்மையான சோதனை அதுக்கப்புறம். வெட்டின இடம் காஞ்சு தோல் கட்டற வரைக்கும் மண்ணும் கிடையாது, தண்ணியும் கிடையாது, சும்மா நிழல்ல ஒரு காகிதத்து மேல கிடக்கணுமாம். உன் அத்தையால தாங்கவே முடியல. "ஒரு வாய் தண்ணி குடுக்காம ஒரு உசுரைப் போட்டு வச்சிருக்கீங்களே, நீங்கள்லாம் மனுஷங்களா?"ன்னு கேட்டா. நான் மட்டும் என்ன, டம்ளரைக் கையில எடுத்துக்கிட்டு ஜன்னல் வரைக்கும் போயி, நானே குடிச்சிட்டுத் திரும்பி வருவேன். ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை இல்லாம மாறி மாறிக் காவல் காத்தோம். ஒண்ணும் செய்யாம சும்மா இருக்கிறது இவ்வளவு பெரிய வேலைன்னு எனக்கு யாரும் சொன்னதில்ல அம்மா.

அந்தச் சும்மா இருந்த நாள்லதான், அடைச்ச சிமெண்ட்டைப் பேத்து எடுக்கலாம்னு தொட்டிய மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். அதைக் கெட்டியா பூசினவனும் நான்தானே, லேசுல வரல. ஸ்க்ரூடிரைவரை வச்சுத் தட்டிக்கிட்டே இருந்தப்ப மனசுல ஒவ்வொண்ணா ஓட ஆரம்பிச்சுது. நீ இங்க இருந்தப்ப சாயந்தரம் வேலை விட்டு வந்து கொஞ்ச நேரம் மொட்டை மாடியில தனியா நிப்பே. அந்த நேரம் பாத்து உன் அத்தை துணைக்கு மேல வருவா, நான் கொசு கடிக்குமேன்னு விசிறியை எடுத்துக்கிட்டு வருவேன், பின்னாடியே உன் புருஷன் நாற்காலி தூக்கிட்டு வருவான். நீ சிரிச்சுக்கிட்டே இறங்கிடுவே. அதுதான் உன் தொட்டியில இருந்த ஒரே ஓட்டை. அதையும் நாங்க அன்பா, வழவழன்னு பூசி அடைச்சிட்டோம். இது புரிஞ்சப்ப சிமெண்ட் பெயர்ந்து வந்துருச்சு.

இப்ப குண்டு பொழைச்சுக்கிட்டா. பெருமணல், செங்கல் பொடிசு, கொஞ்சமா மண்ணு, இதைக் கலந்து நட்டு வச்சோம். நட்டதும் தண்ணி கிடையாது, சில நாள் கழிச்சுத்தான். இப்ப எனக்குப் பாடம் மனப்பாடம். விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாக்கணும். ஈரம் தட்டினா வாயை மூடிக்கிட்டுத் திரும்பிடணும். அடி வரைக்கும் காஞ்சிருந்தா, இலை மேல படாம, அடியில வடியற வரைக்கும் தாராளமா ஊத்தணும். தட்டுல தேங்கினதைக் கொட்டிடணும். அப்புறம் மறுபடி காயற வரைக்கும் அந்தப் பக்கமே போகக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா நாள் பூரா தெளிக்கிறதுதான் ஆகாது. தினமும் பத்து தடவை சாப்பிட்டியான்னு கேக்கிற மாதிரிதான் அது.

இன்னொரு விஷயம். உதிர்ந்த இலையில ஒண்ணு எப்பவோ ஜன்னல் திட்டுல என் ஸ்பானர் பெட்டிக்குப் பின்னாடி விழுந்திருக்கு. போன வாரம் பெட்டிய நகர்த்தினேன். அந்த இலை வாடிச் சுருங்கிக் கிடக்கு, ஆனா அதோட காம்புப் பக்கம் இளஞ்சிவப்பா நூல் மாதிரி வேர், பக்கத்துல கடுகளவு ஒரு குட்டிக் குண்டு! ஒரு சொட்டுத் தண்ணி யாரும் ஊத்தல, ஒரு வார்த்தை யாரும் விசாரிக்கல. எனக்குச் சந்தோஷம்தான். உங்கிட்ட மறைப்பானேன், கொஞ்சம் ரோஷமாவும் இருந்துச்சு. நாங்க இல்லாமலே நல்லா இருக்கியான்னு அந்தக் கடுகைப் பாத்துக் கேட்டுட்டேன்.

ஆகையால் அம்மா, நாங்கள் மூவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இனி நாங்களாக போன் செய்ய மாட்டோம். லீவுக்கு வா என்று சொல்ல மாட்டோம். உன் புருஷனுக்கு நீ எப்போதாவது அனுப்பும் "நல்லா இருக்கேன்" என்ற மெசேஜை அவன் செய்தி வாசிப்பது போல எங்களுக்கு வாசித்துக் காட்டுகிறான். அது போதும். உனக்கு எப்போது வரத் தோன்றுகிறதோ அப்போது வா. வந்தால் மொட்டை மாடி உனக்கு. விசிறி, நாற்காலி எதுவும் பின்னால் வராது. இதற்குப் பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை. நீ எங்கே இருந்தாலும் மனசு நிறைஞ்சு, உடம்பு நல்லா இருந்து, நினைச்ச உயரத்துக்குப் போகணும் என்று வாழ்த்துகிறோம். உன் அத்தை தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள். உன் புருஷன் பக்கத்திலேயே நிற்கிறான்.

இப்படிக்கு,
இனி அளவோடு இருக்கப்போகும்
உன் மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதினதை எல்லாம் உன் அத்தைகிட்ட படிச்சுக் காட்டினேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு முழுக்கக் கேட்டா. கேட்டுட்டு, "எல்லாம் சரிங்க. ஊத்தவே கூடாதுன்னா சொல்லியிருக்கு? காஞ்சப்புறம் ஊத்தணும்னுதானே? அவளுக்குக் காஞ்சுதோ இல்லையோ தெரியாது, நமக்குக் காஞ்சு போச்சே"ன்னா. உன் புருஷன் எப்ப சட்டை மாத்தினான்னே தெரியல, பஸ் டிக்கெட்டோட வந்து நின்னான். அதனால இந்தக் கடுதாசி தபால்ல வரல. உங்க ஹாஸ்டல் வார்டன் அம்மா கையில குடுத்து அனுப்பறேன். இந்தப் பின்குறிப்பை ஹாஸ்டல் கேட் பக்கத்துல இருக்கிற பெஞ்சுல உட்கார்ந்துதான் எழுதறேன். உன் அத்தை கையில ஒரு பை இருக்கு, உள்ள என்னன்னு கேக்காதே. உன் புருஷன் குட்டிக் குண்டைக் கையில வச்சிருக்கான், அதுக்குன்னு சின்னத் தொட்டி, ஓட்டையோட. ஒரு மணி நேரம், நல்லா ஒரு தடவை பாத்துட்டு, வடிஞ்சு போயிடுவோம். வேண்டாம்னு தோணினா ஜன்னல்லருந்து கையை ஆட்டு, செடியை வார்டன் அம்மாகிட்ட குடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிடுவோம். இந்தத் தடவை நீ வேண்டாம்னா வேண்டாம்னுதான் எடுத்துக்குவேன், சத்தியமா. மூணு பேரும் தலைய நிமிர்த்திக்கிட்டு நிக்கிறோம். உன் ஜன்னல் எதுன்னு தெரியல அம்மா, அதனால எல்லா ஜன்னலையும் பாத்துக்கிட்டிருக்கோம்.