விசாரணையில் இருந்த நாலு நாள்

இதை எனக்கு முதலில் சொன்னது எதிர்வீட்டு சுபலட்சுமி. போன வெள்ளிக்கிழமை, கோயிலில் தீபாராதனைக்குக் காத்து நின்றபோது சொன்னாள். சாமி முன்னால் சொன்னது, அதனால் பொய் இருக்காது.

அவள் வீட்டுக்காரர் அழகுமலை ஆபீஸில் வேலை பார்ப்பவர். ஆனையூர் ரோட்டில் ஸ்கூட்டரை முப்பதுக்கு மேல் ஓட்ட மாட்டார். எறும்பு குறுக்கே போனாலும் காலை ஊன்றி நிற்பார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் கார் ரேஸ் வந்துவிட்டால், உலகத்தில் உள்ள டிரைவருக்கெல்லாம் அவர்தான் வாத்தியார்.

அன்றைக்கு மேலூரிலிருந்து சுபலட்சுமியின் அண்ணன் சுருளியும் வந்திருந்தார். ரேஸில் ஒரு கார் இன்னொன்றை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனது. தண்டனை உண்டா இல்லையா என்று ரேஸ் முடிந்தபிறகு விசாரித்துச் சொல்வோம் என நடுவர்கள் எழுதிப் போட்டார்கள்.

அழகுமலைக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நடந்தார். உட்கார்ந்தார். மறுபடி நடந்தார்.

"இது அநியாயம் மச்சான்! தண்டனை பத்து செகண்டுன்னா பத்து செகண்டு, இப்பவே சொல்லிரணும். என்ன சொல்வாங்களோன்னு நெனச்சுக்கிட்டே அவன் எப்படி வண்டி ஓட்டுவான்? தண்டனையக்கூடத் தாங்கிரலாம். காத்திருக்கிறதத் தாங்க முடியாது."

"நிதானமாப் பாத்து, ரெண்டு பேரையும் கேட்டுச் சொல்றதுதான் மாப்ள நியாயம்."

"உங்களுக்கு என்ன தெரியும்? மேலூர்ல டிராக்டர்தான ஓட்டுறீங்க."

"டிராக்டர்னாலும் நான் நாப்பதுல போவேன் மாப்ள."

அவ்வளவுதான். வார்த்தை தடித்தது. கறிக்குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்க, சுருளி கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

இன்னும் ரெண்டு வாரத்தில் பிள்ளை தீப்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனைப் புருசனும் பொண்டாட்டியும் நேரில் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் வரமாட்டார். அழகுமலையோ சபதமே போட்டுவிட்டார்.

"மேலூர் வாசப்படிய மிதிக்க மாட்டேன். பத்திரிகை செல்லுல போகும். இஷ்டம்னா வரட்டும்."

பிள்ளை யார் மடியில் உட்காரும்? சுபலட்சுமி ஒரு மூச்சு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்.

"எங்கண்ணன நீங்க பேசினத விசாரிச்சுக்கிட்டு இருக்கேன். முடிவு அப்புறம் சொல்றேன்."

திங்கட்கிழமை அவர் சிரித்தார். செவ்வாய்க்கிழமை மெதுவாகக் கேட்டார்.

"என்னடி, முடிவு என்னாச்சு?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஒங்கம்மா வீட்டுக்குப் போகப்போறியா?"

"சொல்றேன்."

"டிவியக் கழட்டப்போறியா?"

"ஏங்க இம்புட்டு அவசரம்? சொல்றேன்ல."

புதன்கிழமை யாரும் சொல்லாமலே வெங்காயம் உரித்தார். ஒட்டடை அடித்தார். அவள் துளிக் கோபம் காட்டவில்லை. தட்டில் ரெண்டு துண்டு மீன் கூடவே வைத்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்கும் அவர் நடந்த நடையை ஜன்னல் வழியாக நானும் பார்த்தேன். பாவம், வேலை போய்விட்டதோ என்று பயந்து, மீனாட்சிக்கு ஒரு விளக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் அடுப்படியில் வந்து நின்றார்.

"பத்து நாளோ பத்து மாசமோ, சொல்லித் தொல தாயி!"

"ஒரு தரப்ப மட்டும் கேட்டு எப்படிச் சொல்றது? எங்கண்ணனையும் கேக்கணும்ல."

"ஃபோனப் போடு!"

"விசாரணைய ஃபோன்லயா நடத்துவாங்க?"

"அப்பக் கெளம்பு! இப்பவே போவோம்!"

உள்ளே போனவள் ரெண்டே நிமிடத்தில் பட்டுச்சேலையில் வந்தாள். இடுப்பில் புதுச்சட்டை போட்ட பிள்ளை. கையில் ஒரு பை. பையில் என்ன என்று கேட்க அவருக்குப் பொறுமை இல்லை. ஸ்கூட்டர் அன்றைக்கு ஐம்பதில் போனதாம்.

மேலூரில் வண்டியை நிறுத்தியதும் பையிலிருந்து தாம்பாளம் வெளியே வந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, மேலே பத்திரிகை. அவர் வாயைத் திறப்பதற்குள் அது அவர் கையில் இருந்தது. கதவைத் திறந்த சுருளி, மாப்பிள்ளை தாம்பாளத்தோடு நிற்பதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

"மாப்ள! நீங்களே வந்துட்டீங்களா! நானும் அன்னைக்கு அதிகமாப் பேசிட்டேன்." உள்ளே திரும்பிப் பொண்டாட்டிக்குக் குரல் கொடுத்தார். "ஏ முத்துச்செல்வி, கோழிய அடி!"

சாப்பிட்டுக் கை கழுவும்போது அழகுமலை சுபலட்சுமியின் காதோரம் குனிந்தார்.

"ஒங்கண்ணனையும் பாத்தாச்சு. இப்பவாச்சும் என் தண்டனை என்னன்னு சொல்லு."

"அது முடிஞ்சுபோச்சுங்க. நாலு நாளா அனுபவிச்சீங்கள்ல."

வருகிற ஞாயிறு சுருளி மறுபடி ரேஸ் பார்க்க வருகிறாராம். நான் விளக்கேற்றிக் கண்ணை மூடும் நேரம் அது. நீங்கள் அந்தப் பக்கம் போனால், டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லுங்கள்.