டீ வடிகட்டியில் விழுந்த அருள்

"இன்னொரு பொட்டலம் போட்டுப் பாக்கலாம்ன்றேன், நீ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு கத்திக்கினு கீற!"

"ரெண்டு பொட்டலம் போட்டாச்சு. கொயந்த ஒடம்பு அடுப்பா கொதிக்குது. இன்னும் இன்னாத்த பாக்குறது?"

முதல் குரல் ரகு. இரண்டாவது அவன் மனைவி இசைவாணி. நான் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகளில் மூன்றாம் எண். நான் சுவரில் காதை வைக்கவில்லை. காது தானாகப் போனது. சண்டை அவர்களுடைய நான்கு வயது நிலாவைப் பற்றி. தொடையில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி, மூன்று நாளாகக் காய்ச்சல்.

எங்கள் சேரப்பணஞ்சேரியில் பிள்ளைகளுக்குக் கட்டி வந்தால் போகுமிடம் ஒன்றுதான்: பின் தெருவில் கட்டிச்சாமி நாகப்பன். செவ்வாய்க்கிழமை தெரு முனை வரை பைக் நிற்கும். பக்கத்து ஒரகடம் கம்பெனிகளில் ஒரு மைக்ரான் பிசகினாலும் பாகத்தைத் தூக்கி எறிகிறவர்கள், இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு வாய் பொத்தி நிற்பார்கள். சாமி மூன்று தரம் ஊதித் திருநீற்றுப் பொட்டலம் கொடுப்பார். இரண்டு நாள் நாக்கில் வைக்க வேண்டும். சாமி மறுபடி ஊதித் தராமல் மூன்றாம் நாளும் வைத்தால் அம்மன் கோபித்துக்கொள்வாள். காசைத் தொடமாட்டார், அவ்வளவு பெரிய மனசு. பாத்திரம் மட்டும் வாங்குவார். ஆயுத பூஜைக்குக் கம்பெனிகள் தொழிலாளிகளுக்குக் கொடுத்த குக்கரும் ஹாட் பாக்ஸும் அவர் வீட்டில் கூரையைத் தொட்டன. என் மகனுக்குக் கட்டி வந்தபோது நான் கொடுத்த, பெயர் வெட்டிய பித்தளை அண்டாவும் அங்கேதான்.

முதல் வருடம் கட்டிகள் அமுங்கின, பொய் சொல்லமாட்டேன். இரண்டாம் வருடம் அதே கட்டிகள் அண்ணன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தன. பக்தியில் கலப்படம் என்றார் சாமி.

சண்டையை விலக்க வந்தவள் நான்காம் எண் இசக்கி. திருநெல்வேலிப் பெண், ஒரகடம் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. திருநீறு எப்படி இருந்தது என்று நிலாவைக் கேட்டாள். பிள்ளை முகத்தைச் சுளித்து, கசந்தது என்றது.

"சாம்பல் எங்கயாவது கசக்குமாண்ணே?"

ரகு பைக் சாவியை எடுத்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழிதானே, சாமி வீட்டில் ஐந்தே நிமிடம் என்று முடிவாயிற்று. நானும் போனேன், துணைக்கு.

அன்று செவ்வாய், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. வழக்கமாகச் செவ்வாய்க் காலையில் சாமி வீட்டு மிக்ஸி அலறும். சட்னிப் பிரியர் என்று நினைத்திருந்தேன். அன்று டொக் டொக் என்று இடிக்கிற சத்தம்தான் கேட்டது.

கூட வந்த இசக்கி சாமியிடம் புதுப் பொட்டலம் வாங்கினாள். பையிலிருந்து டீ வடிகட்டியை எடுத்து, கூட்டத்தின் நடுவிலேயே சலித்தாள். சாம்பல் கீழே போனது. மேலே நின்றவை நான்கு ரோஸ் நிறத் துண்டுகள். ஒன்றில் 500 என்று அச்சடித்திருந்தது.

அம்மன் அருளால் வந்த எழுத்து என்றார் சாமி, கண்ணை மூடி.

"அப்போ எக்ஸ்பயரி தேதியும் ஆத்தாதான் எழுதிருப்பா. அந்த மாத்திரை அட்டையையும் காட்டுங்க சாமி" என்றாள் இசக்கி.

ரகு உள்ளே போனான். காலி மாத்திரை அட்டைகள் அடைத்த சாக்கையும், ரோஸ் பவுடர் ஒட்டிய மிக்ஸி ஜாரையும் தூக்கி வந்து நடுவில் வைத்தான். இசைவாணியையும் பிள்ளையையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தான்.

ஆஸ்பத்திரியில் கட்டியைக் கீறி, சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சாமியின் மாத்திரைக்கு அந்தக் கிருமி அசையவே இல்லையாம். டாக்டரம்மா சொன்னதை இசைவாணி அப்படியே சொன்னாள்: "தெருவுல எல்லாப் பிள்ளைக்கும் அரைகுறையா மருந்து கொடுத்து, சாகுறதைச் சாகவிட்டு, சாகாத கிருமியா பார்த்து வளர்த்திருக்கீங்க." வேறு மருந்து, சொன்ன நாள் முழுக்கக் கொடுத்தார்கள். பத்தாம் நாள் நிலா என் ரோஜாச் செடியை வேரோடு பிடுங்கினாள். குணமாகிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

ஊர் திருந்தியதா? சாமியின் குட்டு உடைந்த மறுநாளே மருந்துக்கடையில் வரிசை. சீட்டு கிடையாது, டாக்டர் கிடையாது. அந்த ரோஸ் மாத்திரை இரண்டு கொடு, போதும் என்கிறார்கள். சாமியை விரட்டிவிட்டு மாத்திரையைச் சாமியாக்கிவிட்டார்கள்.

இசக்கி எங்கள் தெரு டில்லிபாபுவைக் கட்டிக்கொண்டு மண்ணூருக்குக் குடிபோனாள். கல்யாணப் பந்தியில் சாம்பார் வந்த அண்டாவின் கழுத்தில் ச. சந்திரம்மாள் என்று இருந்தது. என் பெயர். பாத்திரம் வாடகைக்கு விட்ட கடை யாருடையது என்று விசாரித்தால், நாகப்பனுடையது. அண்டாவைக் கேட்டேன். காணிக்கை திரும்பாதும்மா என்று கும்பிட்டார்.

கசக்குதும்மா என்று என் மகனும் அன்றைக்கே சொன்னான். சாமி சமாசாரம் என்று அவன் வாயைப் பொத்தியவள் நான்தான். ஏன் கசக்கிறது என்று அப்போதே கேட்டிருந்தால், அண்டா இன்றைக்கு என் வீட்டில் இருந்திருக்கும்.