கல்லு டிரைவர் கட்டிய மதில்

காரைக்கால் பக்கம் மண்வெட்டியைப் போட்டால் சேறு வரும், நத்தை வரும், போன வருஷம் தொலைத்த செருப்பு வரும். கல் மட்டும் வராது. அந்த ஊரில் கல்லுக்காகவே பிறவி எடுத்த ஒரே மனிதர் எங்கள் கல்லு டிரைவர்தான்.

விழிதியூர்க்காரர். சொந்தமாக ஒரு டூரிஸ்ட் வேன், கொஞ்சம் வயல். எங்கள் ஆபீஸ் வருஷா வருஷம் மலைக்குச் சுற்றுலா போகும். ஏற்பாடு என் தலையில், வண்டி அவருடையது. அப்போது அவர் வெறும் டிரைவர். சேலத்துக்கு அப்பால் ஒரு மலையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்ற அன்றுதான் பெயரில் கல் சேர்ந்தது.

தண்ணீர் கொண்டுவரப் போனவரை ஒரு மணி நேரமாகக் காணோம். தேடிப் போனேன். ஜனங்கள் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன குடியிருப்பு அது. வீடுகளுக்குக் கூரை இல்லை, நிலத்தில் பயிர் இல்லை. ஆனால் ஒவ்வொரு நிலத்தையும் சுற்றி இடுப்பளவு மதில். சிமெண்ட் கிடையாது, மண்பூச்சு கிடையாது, வெறும் கல்மேல் கல். டிரைவர் அதன் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"ஆளுங்க போயி எத்தன வருஷமோ. எல்ல மட்டும் நவுரவே இல்ல பாருங்க" என்றார்.

எல்லை அவருக்கு ஆறாத புண். பக்கத்து வயல் அவருடைய தம்பியுடையது. நடவுக்கு முன்னால் வரப்பின் ஓரத்தைப் புல்லோடு செதுக்குவதை எங்கள் பக்கம் அண்டை வெட்டுவது என்பார்கள். அண்ணன் இந்தப் பக்கம் ஒரு விரல் கூடுதலாகச் செதுக்க, தம்பி அந்தப் பக்கம் ஒரு விரல் செதுக்க, கடைசியில் அந்த வரப்பில் எதிரெதிரே இரண்டு கொக்கு வந்தால் ஒன்று இறங்கித்தான் வழிவிட வேண்டும். நீதான் தின்றாய் என்று இரண்டு பேரும் சண்டை போட்டு, ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கட்டுகிற விதத்தைச் சொன்னார். மதிலுக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று எதிரெதிரே அடுக்கிக்கொண்டு வர வேண்டுமாம். ஒற்றை ஆளாக அடுக்கினால் மறுபக்கம் சரிந்துவிடுமாம். டிரைவர் பலமாகத் தலையாட்டினார். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

மதிலில் ஒரு கல்லைக்கூட அவர் தொடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ரோட்டோரம் உருண்டு கிடந்ததைத்தான் பொறுக்கினார். ஆனால் பொறுக்கியதெல்லாம் எங்கள் காலடியில். ஹெட்கிளார்க் ஸ்டெல்லா மேடம் முழங்கால் மோவாயில் இடிக்க ஊர் வந்து சேர்ந்தார். அதன்பிறகு எந்த மலைக்குப் போன வேனும் கல்லோடுதான் திரும்பியது. தேனிலவுக்குப் போன ஜோடிகூட நடுவில் ஒரு பாறாங்கல்லை வைத்துக்கொண்டு வந்ததாகக் கேள்வி. காரைக்காலிலிருந்து போகிற வண்டி என்றால் சீட்டுக்கடியில் பாட்டில் தேடுவது போலீஸ் வழக்கம். எல்லையில் பூவம் தாண்டி ஒருமுறை மடக்கியபோது, துண்டில் சுற்றிய ஒன்று அகப்பட்டது. அவிழ்த்தால் கல்.

"எதுக்குய்யா இது?"

"மாதிரிக்குங்க. இதே சைஸ்ல தேடிக்கிட்டுப் போறேன்."

அந்தப் போலீஸ்காரர் அதை மறுபடி துண்டில் சுற்றி, அவர் கையிலேயே மரியாதையாகக் கொடுத்துவிட்டார்.

அந்த வரப்பின்மேல் மதிலும் எழும்பியது. எங்கள் களிமண் சும்மா இருக்குமா, அடிவரிசையை விழுங்கிவிட்டது. மேலே அடுக்கினார். அது தம்பி வயலில் சரிந்தது. தம்பி வாய் திறக்காமல் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் எறிந்தார். இவர் வாய் திறக்காமல் திரும்ப அடுக்கினார். மூன்று போகம் இப்படியே போயிற்று.

ஓர் ஐப்பசி மழையில் முக்கால் மதிலும் தம்பியின் இளம்பயிர் மேல் படுத்துவிட்டது. மறுநாள் வண்டி பேச நான் வயலுக்கே போனபோது அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். இன்றைக்கு மண்டை உடையும் என்றுதான் நினைத்தேன். தம்பி என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஒங்க டிரைவர்கிட்ட சொல்லுங்க சார். பெரிய கல்ல அடியில வைக்கணும்."

"அங்க நிக்கிறவரையே வச்சுக் காட்டச் சொல்லுங்க சார்" என்றார் அண்ணன்.

நான்கடி தூரத்தில் நிற்கிற இருவருக்கும் நடுவே நான் தபால் ஆபீஸ் நடத்தினேன். தம்பி வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு பெரிய கல்லைப் புரட்டி வைத்தார். அண்ணன் இந்தப் பக்கத்திலிருந்து அதற்கு முட்டுக் கொடுத்தார். எதிரெதிரே வரிசை ஏறியது; சரியவில்லை. ஒரு கட்டத்தில் தம்பி என்னை மறந்துவிட்டார்.

"அண்ணே, அந்தச் சப்பட்டைய எடு."

டிரைவர் குனிந்து கல்லை எடுத்து நீட்டிவிட்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக என்னிடம் சொன்னார். முதல்நாள் ராத்திரியிலிருந்து விடாத மழை.

களிமண் தன் குணத்தை விடவில்லை. மதில் வருஷத்துக்கு ஒரு வரிசை உள்ளே போகிறது. இப்போது ஆள் உட்காரும் உயரம்தான். வேலைக்கு நடுவே அண்ணனும் தம்பியும் அதன்மேல் உட்கார்ந்து ஒரே பிளாஸ்கில் டீ குடிக்கிறார்கள். இன்னும் ரெண்டு ட்ரிப் அடித்தால் தூக்கிவிடலாம் என்று டிரைவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது என்று நானும் திட்டாத நாளில்லை.

போன மாதம் நானும் மனைவியும் ரயிலும் பஸ்ஸுமாக ஏற்காடு போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் பையைத் தூக்கிப் பார்த்த அவள், உள்ளே என்ன இந்தக் கனம் என்று கேட்டாள். என் துண்டில் சுற்றி வைத்திருந்தேன். நல்ல சப்பட்டைக் கல்.