இருபத்து மூன்று சமர்ப்பணங்கள்

நான்காவது வரியில் தன் பெயர் இருந்ததுதான் பக்தா அத்தைக்குப் பொறுக்கவில்லை.

திக்தித் மேட்டிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்து, நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, கைபேசியை ஹவாரியாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள். திரையில் ஹவாரியாவின் முதுகலை ஆய்வேட்டினுடைய சமர்ப்பணப் பக்கம். அம்மா மொக்தாரியாதான் பெருமை தாங்காமல் காலையிலேயே அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள்.

ஆய்வேடு எண்பத்திரண்டு பக்கம், முழுக்க ஸ்பானிஷ். ஸ்பெயினுக்கு எதிர்க்கரையான தங்கள் மேற்குக் கடற்கரை மீனவர் பேச்சில் கலந்து கிடக்கும் ஸ்பானிஷ் சொற்களைப் பற்றியது. அதைக் குடும்பத்தில் ஒருவரும் படிக்கப் போவதில்லை. சமர்ப்பணம் மட்டும் அரபியில் இருந்தது. அதைப் படிக்காமல் விடப் போகிறவரும் ஒருவரும் இல்லை.

"உங்க அம்மா முதல் வரி. சரி, பெத்தவ. எங்க தம்பி ரெண்டாவது வரி. அதையும் விட்டுத் தள்ளு. மூணாவது யாரு? உன் மாமன் பொண்டாட்டி ஜொஹர். நான் நாலாவது. பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாசம் யார் வீட்டுல இருந்து படிச்சடி நீ?"

"உங்க வீட்டுலதான் அத்தை."

"ஜொஹர் வீட்டுல இல்லையே?"

"இல்ல அத்தை."

அவ்வளவு சின்ன விஷயந்தான். ஹவாரியா உடனே கணினியைத் திறந்து அத்தையை மூன்றாவது வரிக்கு ஏற்றினாள். அத்தை அவள் நெற்றியில் முத்தமிட்டு, கொண்டு வந்திருந்த கத்திரிக்காய்ப் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை நண்பகலுக்குள் நான்கு பிரதிகள் பல்கலைக்கழகத்தின் அந்நிய மொழித் துறையில் இருக்க வேண்டும். தவறினால் வைவா செப்டம்பருக்குத் தள்ளிப்போகும். ஊரிலுள்ள மேல்நிலைப்பள்ளியில் ஸ்பானிஷ் ஆசிரியை வேலை ஒன்று காலியாகியிருந்தது. ஆறு வருஷத்தில் முதல் முறையாக. மனுப்போட ஜூன் முப்பது கடைசி. மனுவோடு முதுகலைச் சான்று வேண்டும். செப்டம்பரில் பாஸானால் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். வேறு உபயோகம் கிடையாது.

மாலையில் மாமி ஜொஹர் தொலைபேசியில் வந்தாள். கோபமே படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கஸவாத் துறைமுகம் வரை மீனவர்களிடம் பேட்டி எடுக்க ஹவாரியாவைத் தன் காரில் ஏற்றிப் போனது பக்தாவா, அல்லது தன் புருஷனா என்று நினைவுபடுத்திக்கொள்ள மட்டும் கேட்டாள். பிறகு, வைவா அன்றைக்குத் தேர்வுக்குழுவின் மேசைக்கு மக்ரூதும் பக்லாவாவும் செய்து தருவதாகத் தான் சொல்லியிருந்ததைப் பற்றிப் பேச்சுவாக்கில் குறிப்பிட்டு, இப்போதெல்லாம் முழங்கை வலிக்கிறது என்றாள்.

வைவாவுக்கு வரும் குடும்பம் பலகாரத் தட்டில்லாமல் வந்ததாக அந்த ஊரில் சரித்திரம் இல்லை. மொக்தாரியா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மாமியின் முழங்கையை எப்படியாவது குணப்படுத்தச் சொன்னாள்.

ஹவாரியா தன் கைடு மஹ்ஃபூத் சாரிடம் போய் நின்றாள். பயந்த சுபாவம் உள்ள மனிதர். தன் குடும்பத்திலும் இதே கதை நடந்ததென்றும், அகரவரிசையில் போட்டுவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாதென்றும் சொன்னார். போட்டாள். அரபியில் யகரம்தான் கடைசி எழுத்து; சின்ன அத்தை யமீனா கடைசிக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை காலை அவள் வந்து, இறந்துபோன தன் தாய் தகப்பன் தனக்குப் பேர் வைத்ததே குற்றமா என்று கேட்டுவிட்டு அழுதாள்.

"அப்ப வயசுப்படி போட்டுடு. வயசுல யாரு சண்டை போட முடியும்?" என்றார் அப்பா மில்லூத். நாற்பது வருஷம் கடலில் வலை வீசியவர். கரையில் நடப்பது எதுவும் அவருக்குச் சரியாகப் பிடிபட்டதில்லை.

வயதுப்படி போட்டதும் பக்தா அத்தை எல்லோருக்கும் மேலே வந்தாள். ஹவாரியா நிம்மதியாக மூச்சுவிட்ட பத்தாவது நிமிஷம் அத்தை மறுபடியும் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள்.

"நான் ஜொஹருக்கு மூத்தவளா?"

"அத்தை, உங்க பிறந்த வருஷம்..."

"என் பிறந்த வருஷத்தைப் பல்கலைக்கழகத்துக்கு எதுக்குடி குடுக்குற? பதினஞ்சு வருஷமா எனக்கு நாப்பத்தெட்டு. உன் மாமாவே அதை ஒத்துக்கிட்டாரு."

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த கத்தூர் இந்தத் துறையில் அனுபவசாலி. ஜூன் மாதம் வந்தால் ஆய்வேடு பைண்டு செய்வதைவிடக் குடும்பங்களை ஒட்டுவதுதான் அவருக்குப் பெரிய வேலை. எல்லாம் கேட்டுவிட்டு, பெயர்களை வட்டமாக அச்சடிக்கலாம் என்றார். குஸ்குஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்தால் யார் முதல், யார் கடைசி?

அழகாகத்தான் வந்தது. நடுவில் ஒரு சின்ன மீன் படம்கூட வைத்தார். அது வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. பிறகு ஜொஹர் மாமி எழுதினாள்: "என்னை ஆறு மணியில வச்சிருக்கா. பன்னெண்டு மணியில யாரு இருக்காங்கன்னு பாருங்க."

புதன்கிழமை காலை ஹவாரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. பெயர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'என் குடும்பத்தார் அனைவருக்கும்' என்று ஒரே வரி போட்டாள்.

அந்த வரி, இருபது வருஷமாக யாராலும் முடியாததைச் செய்தது. குடும்பம் ஒன்று சேர்ந்துவிட்டது. பக்தாவும் ஜொஹரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, எல்லாருக்கும் என்றால் யாருக்கும் இல்லை என்றுதான் அர்த்தம் என ஒருவரை ஒருவர் ஆமோதித்தார்கள். வைவாவுக்கு யாரும் வருவதில்லை, பலகாரமும் கிடையாது என்று முடிவாயிற்று. மொக்தாரியா படுத்துவிட்டாள். வெறும் மேசைக்கு முன்னால் மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் காட்சி அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"அதுவும் யாரு முன்னாடி? பென்சாபர் முன்னாடி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வெளித்தேர்வாளராக வஹ்ரான் நகரத்திலிருந்து வரப்போவது பேராசிரியை லாமியா பென்சாபர். ஸ்பெயின்காரர்கள் எழுதின ஸ்பானிஷையே திருத்தி அனுப்பியவர். பக்க ஓரம் அரை விரற்கடை குறைந்ததற்காக ஒருவனின் ஆய்வேட்டைப் பிரித்துப் பார்க்காமலே திருப்பியவர். அவர் எழுதிய அகராதியை இரண்டாம் ஆண்டில் நூலகத்தில் முதல் முறையாகத் தொட்டபோது, ஹவாரியா கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டாள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது கத்தூர்தான். ஆளுக்கொரு பக்கம். இருபத்து மூன்று பேர், இருபத்து மூன்று பக்கம், எல்லாம் ஒரே அளவு எழுத்து. யார் பக்கம் முதலில் என்ற கேள்விக்கும் அவர் பதில் வைத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பிரதியில் அவரவர் பக்கம் முதலில். துறைக்குப் போகும் நான்கு பிரதிகளில் அவர் கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக்கட்டுப்போலக் கலைத்துவிட்டார்.

வியாழக்கிழமை பதினொன்று ஐம்பதுக்கு அவை துறை அலுவலகம் போய்ச் சேர்ந்தன. எண்பத்திரண்டு பக்க ஆய்வுக்கு இருபத்து மூன்று பக்கச் சமர்ப்பணம். ஜொஹர் மாமியின் முழங்கை அன்று மாலையே குணமாகிவிட்டது.

அடுத்த புதன்கிழமை, வைவா அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். சுவரோரம் நீள மேசையில் மக்ரூத், கிரிவெச், பக்லாவா, எலுமிச்சை ஷர்பத், மூன்று குடுவை காப்பி. பக்தாவும் ஜொஹரும் தட்டுகளை அரை அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

பேராசிரியை பென்சாபர் உள்ளே வந்தார். குள்ளமான உருவம், நரைத்த கிராப்பு, சாம்பல் நிறக் கோட்டு. குரலை உயர்த்தவில்லை, யாரையும் முறைக்கவில்லை. ஆனாலும் பேச்சு நின்றது. பக்தா அத்தை தன்னை அறியாமல் எழுந்து நின்றாள். பிறகு எல்லோருமே நின்றார்கள். பலகாரப் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை.

குழுத் தலைவர் இத்ரீஸ் ஏதோ சொல்லித் தொடங்கி வைத்தார். ஹவாரியா இருபது நிமிஷம் ஸ்பானிஷில் பேசினாள். முதல் ஐந்து நிமிஷம் தன் குரல் யாருடையதோபோல இருந்தது. பிறகு பென்சாபர் கேள்விகளைத் தொடங்கினார். ஒவ்வொரு கேள்வியும் அமைதியாக வந்து, அவள் சாய்ந்திருந்த சுவரில் ஒரு கல்லை உருவிக்கொண்டு போனது. ஒரு சொல் ஸ்பெயினின் அலிகாந்தேயிலிருந்து வந்ததா, அல்மேரியாவிலிருந்தா? எதை வைத்துச் சொல்கிறாய்? எந்தப் படகில் கேட்டாய்? அவர் மீன்களின் பெயரை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போக, பின்வரிசையில் கல்யாணத்துக்கு மட்டும் போடும் கோட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவின் உதடுகளும் கூடவே அசைவதை ஹவாரியா கண்டாள்.

"மொக்தாரியா, இந்தம்மா நம்ம படகுப் பேச்சு பேசுது" என்றார் அவர். மெதுவாகச் சொன்னதாக அவர் நினைப்பு. கடலில் பேசிப் பழகிய தொண்டை.

பென்சாபர் நிமிர்ந்து பார்த்தார். அவர் எழுந்து, வலையின் மேல்விளிம்பில் தக்கைகள் கோத்த கயிற்றைக் கையால் காற்றில் வரைந்து, இதற்கு என்ன பேர் என்று மில்லூத்தை நேராகக் கேட்டார். மில்லூத் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஒரு சொல் சொன்னார். இன்னொரு தடவை சொல்லும்படி கேட்டார் பேராசிரியை. அவர் சொன்னார்.

அகராதி எழுதின அந்த அம்மாள், பேனாவைத் திறந்து அதைக் குறித்துக்கொண்டார்.

ஜொஹர் மாமி, பக்தா அத்தையின் கையைப் பிடித்தாள். அத்தை விடுவித்துக்கொள்ளவில்லை. ஹவாரியாவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று.

அதன்பின் பென்சாபர் ஆய்வேட்டின் முன்பக்கத்துக்குத் திரும்பினார். சமர்ப்பணப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இருபத்து மூன்றையும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, முடிந்தது என்று தலையசைத்தார்.

வழக்கப்படி குழு கலந்து பேச, எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். பத்து நிமிஷத்தில் கூப்பிடுவார்கள். குலவையிடத் தயாராக அத்தைகள் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

பத்து நிமிஷம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. பக்கத்து அறையில் ஜெர்மன் படித்த பெண் பாஸாகி, குலவை கேட்டு, பூங்கொத்தோடு படமெடுத்து, குடும்பத்தோடு வீட்டுக்கே போய்விட்டாள். இவர்கள் கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல்கள் உயர்ந்தன. முதலில் மஹ்ஃபூத் சாரின் கெஞ்சல். பிறகு தலைவரின் குரல். நடுவே மேசையைத் தட்டும் ஓசை.

"இருபத்து மூணு பக்கம். அதைப் பார்த்துட்டுத்தான் கண்ணாடியைத் துடைச்சாங்க" என்றாள் ஹவாரியா. பள்ளிக்கூடத்து வேலை, ஜூன் முப்பது, ஆறு வருஷம், எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

முதலில் யமீனா அத்தை வாயைத் திறந்தாள். தன் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்றாள். ஜொஹர் மாமி, கிழிப்பதென்றால் தன்னுடையதைத்தான் முதலில் கிழிக்க வேண்டும், தானே பெரிய குற்றவாளி என்றாள்.

"நீ என்ன முதல்ல? நான்தான் ஆரம்பிச்சேன், நான்தான் முதல்ல" என்றாள் பக்தா அத்தை. "நான் உள்ள போய் அந்தம்மா கிட்டச் சொல்றேன். எனக்கு அறுபத்து மூணு வயசு. வயசானவ புத்தி கெட்டுப்போய்க் கேட்டுட்டேன், புள்ளை மேல தப்பில்லேன்னு சொல்றேன்."

அத்தை வாயால் அந்த எண்ணைக் கேட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

அவள் கை வைக்குமுன் கதவு திறந்தது. காப்பி கொடுக்க உள்ளே போயிருந்த துறைப் பணியாள் ரப்ஹா, வெறும் தட்டோடு வெளியே வந்து கதவைக் காலால் சாத்தினாள். நாற்பது பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பென்சாபர் அம்மாவின் காலில் விழவும் தயார், மார்க்கை மட்டும் குறைக்க வேண்டாம் என்று மொக்தாரியா அழுதாள்.

ரப்ஹா தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"மார்க்கு எப்பவோ போட்டாச்சும்மா, இருபதுக்குப் பதினெட்டு. அதுக்கு மூணு நிமிஷங்கூட ஆகல. பின்னாடி வாத்தியாருங்களுக்கு நன்றின்னு ஒரு பக்கம் எழுதியிருக்காளாமே, அதுல தன் பேரை மூணாவதா போட்டுட்டான்னு அந்த வஹ்ரான் அம்மாதான் கையெழுத்துப் போட மாட்டேங்குது."