வெற்றி என்று மட்டுமே சொன்ன மென்பொருள்

ஆமோதபுரி என்றொரு நாடு. அங்கே வீட்டுக்கு ஒரு கணினி. தன் வீட்டுக்கு வேண்டிய நிரலைத் தானே சி மொழியில் எழுதிக்கொள்வது குடிமக்களின் வழக்கம். எந்த மென்பொருளில் எழுதுவது என்று தெருவுக்குத் தெரு சண்டை மூண்டதால், நாட்டுக்கெல்லாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அரசர் குழு அமைத்தார். குழுவில் சி மொழி தெரிந்தவன் நான் ஒருவன்தான். டீ வாங்கி வருவதும் என் பொறுப்பு.

மூன்று மென்பொருள்கள் வந்தன. அமைச்சர் வாகைமாறன் தம் கைப்பட எழுதிய நிரலை ஒவ்வொன்றிலும் போட்டோம். முதலாவது, பதினான்கு பிழைகள் என்று வரி எண்ணோடு காட்டியது. இரண்டாவது பிழைகளைச் சொன்னதோடு நில்லாமல் எச்சரிக்கையும் செய்தது. மூன்றாவதோ, "வெற்றி! நிரல் சிறப்பாக ஓடுகிறது" என்று பச்சை எழுத்தில் அறிவித்தது.

"இதுய்யா மென்பொருள்! மட்டு மரியாதை தெரிஞ்சது," என்றார் அமைச்சர்.

நான் உள்ளே துழாவிப் பார்த்தேன். எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரே அதில் இல்லை. வெறும் திரைதான். எதைத் தட்டினாலும் வெற்றி என்றே சொல்லும்.

"என்ன முழிக்கிறீர்? ஏதாச்சும் குறை தெரியுதா?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா," என்றேன். சீ, இப்போது நினைத்தாலும் நாக்கு கூசுகிறது.

மற்ற இரண்டையும் வீடுதோறும் அழிக்க ஆணை வந்தது. நிரல் ஓடவில்லை என்று மக்கள் முறையிட்டதும், முறையிடுவது குற்றமானது. ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது அதைவிடப் பெரிய குற்றமானது.

ஏரிக்குக் கீழே குடியிருந்த மருதாயி ஒருநாள் என் அலுவலகத்துக்கு வந்தாள்.

"ஏரித் தண்ணி ஏறுனா சங்கு ஊதுற மாதிரி எழுதியிருக்கேன் ஐயா. அம்மா படுத்த படுக்கையா கெடக்கா. சத்தம் கேட்டாத்தான் வயல்லேருந்து ஓடியாந்து தூக்க முடியும். சோதிக்கவும் கூடாதுங்குறாங்க. நெசமா ஊதுமா?"

"வெற்றின்னு வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்னம்மா? தைரியமா போ."

ஐப்பசியில், பட்டப்பகலில் ஏரி உடைந்தது. சங்கு ஊதவில்லை. மருதாயி ஓடிவந்தபோது கட்டில் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. தண்ணீர் முன் அனுமதியின்றி வந்ததே காரணம் என்று விசாரணை ஆணையம் கண்டறிந்தது.

மறுநாள் அமைச்சர் என்னைத் தனியே அழைத்தார். "நம்ம வீடும் கரைப் பக்கம்தான்யா. பேரப்புள்ளைங்க இருக்குற எடம். பதினாலு பிழைன்னு சொல்லிச்சே ஒண்ணு, அது எங்கயாச்சும் கெடைக்குமா? வெளிய தெரிய வேணாம்."

தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. குழு முடிவெடுத்த அன்றே அதை என் வீட்டுக் கணினியில் போட்டுவைத்திருந்தேன். மருதாயி என் முன்னால் நின்று கேட்டபோதும் என் வீட்டில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வீட்டில் போட்டுக்கொடுத்தேன். சேதி காதோடு காதாகப் பரவ, மற்ற பத்து அமைச்சர்கள் வீட்டிலும் அதையே போட்டுக்கொடுத்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மருதாயி என்னையும் அழைத்திருந்தாள்.

"எத்தனையோ அதிகாரிங்ககிட்ட போனேன். நின்னு பதில் சொன்னது நீங்க ஒருத்தர்தான்," என்று சொல்லி, முதல் பந்தியில் உட்காரவைத்து இலை போட்டாள்.

வெட்கங்கெட்டவன் நான். உட்கார்ந்து சாப்பிட்டேன்.