துல்லியமாகப் பெய்யாத மழை

மழை வானத்திலிருந்து பெய்கிறது என்ற மூடநம்பிக்கையை அடியோடு ஒழித்த பெருமை எங்கள் ஆய்வு நிலையத்தையே சேரும். மழை என்பது கணினியில் பெய்வது. வெளியே விழுவது வெறும் தண்ணீர்.

நான் அங்கே 'கோடை மழை மாதிரிகள் மதிப்பீட்டுக் குழு'வின் செயலாளர். கடந்த கோடைகளின் மழையைச் சரியாகக் கணக்கிட்ட வட்டாரக் கணினி மாதிரி எது என்று கண்டுபிடிப்பது எங்கள் திருப்பணி. தேறுகிற மாதிரி சொல்வதை வைத்துத்தான் நகருக்கு வெள்ள எச்சரிக்கை விடுவோம். அல்லது, விடாமல் இருப்போம்.

களத்தில் மூன்று மாதிரிகள். முதலாவது, மாலையில் இடியோடு கொட்டும் என்றது. இரண்டாவது, சற்றுத் தள்ளி, ஆனால் நிச்சயம் கொட்டும் என்றது. மூன்றாவது, எந்தக் கோடையிலும் எங்கேயும் ஒரு துளிகூட விழாது என்றது. அதற்குள் ஏதோ பிழை இருப்பதாகப் பொறாமைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நாங்கள் அதைக் 'கொள்கை உறுதி' என்றோம்.

மூன்றையும் எங்கள் மொட்டைமாடி மழைமானியின் பதிவுகளோடு ஒப்பிட்டோம். மழைமானி எல்லாக் கோடையிலும் பூஜ்யமே காட்டியிருந்தது. மூன்றாவது மாதிரி நூற்றுக்கு நூறு! இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஈரமும் எங்கும் பதிவாகவில்லை.

தரவுப் பிரிவு விஞ்ஞானி மட்டும் கையைத் தூக்கினார். எதையும் நேரில் போய்ப் பார்க்கும் கெட்ட பழக்கம் உள்ள பெண்மணி.

"சார், மழைமானிக்கு மேல தகரக் கூரை போட்டிருக்கு."

"தெரியும்மா. நான்தான் போடச் சொன்னேன்" என்றார் இயக்குநர்.

"எதுக்கு சார்?"

"விலை கூடின கருவி. நனைஞ்சா கெட்டுப் போயிடாதா?"

"மழைமானின்னா நனையணும் சார். அதுதானே அதோட வேலை?"

"அப்படின்னா நீங்க ஏம்மா குடை பிடிச்சுக்கிட்டு வேலைக்கு வர்றீங்க?"

இந்தத் தர்க்கத்தை நான் அப்படியே கூட்டக் குறிப்பில் ஏற்றினேன். அந்த அம்மாள் மறுநாளே 'காற்றுப் பிரிவு'க்கு மாற்றப்பட்டார். மூன்றாவது மாதிரி தேறியது. மக்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று நகருக்கு அறிவித்தோம்.

அதே வாரம், பொழுது சாயும் நேரத்தில், என் அக்கா போன் செய்தாள். அவள் வீடு வாய்க்காலை ஒட்டிய தாழ்வான தெருவில் இருக்கிறது. அவள் கணவர் கால் முறிந்து மாவுக்கட்டோடு படுக்கையில் இருந்தார்.

"டேய், வானம் கருகருன்னு இருக்குடா. வாய்க்கால்ல தண்ணி ஏறுது. இவரைத் தூக்கிக்கிட்டு மாடி வீட்டுக்குப் போயிடட்டுமா?"

"வேண்டாம்க்கா. மாதிரிப்படி ஒண்ணும் வராது."

"எந்த மாதிரி?"

"மழை மாதிரி."

"மழை மாதிரி என்னடா மழை மாதிரி? மழையே வருது!"

"உனக்கு அப்படித் தெரியுது. பயப்படாம படு."

குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். அக்கா என் பேச்சைத் தட்டியதே இல்லை. படுத்துவிட்டாள்.

விடிந்தபோது அந்தத் தெருவில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. எங்கள் குழு உடனே அவசரமாகக் கூடி, 'நகரில் ஆங்காங்கே காணப்படும் திரவம்' குறித்து ஆழ்ந்து விவாதித்தது. மழைமானியைப் பார்த்துவரச் சொன்னோம். பூஜ்யம்.

"மழையே இல்லாம வெள்ளம் வந்திருக்கு" என்றார் இயக்குநர். "அப்ப இது குழாய்த் துறையோட கோளாறு. நம்ம மாதிரி மறுபடியும் ஜெயிச்சிடுச்சு!"

கைதட்டல் அடங்குவதற்குள் கதவு திறந்தது. அக்கா. உடுத்த துணி உடம்போடு ஒட்டியிருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரங்க கதவைப் பெயர்த்து அவரை அதுல கிடத்தித் தூக்கிட்டு வந்தாங்கடா. கட்டெல்லாம் ஊறிப் பிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில வலி தாங்காம கத்திக்கிட்டு இருக்காரு." அவள் பல் கிடுகிடுத்தது. "படுன்னு சொன்னியேடா."

அவள் முந்தானையைப் பிழிந்தாள்.

"ஒரு துண்டாவது குடு. துவட்டிக்கிறேன்."

நான் எழுந்தேன். இயக்குநர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னார்: "உட்காருங்க. துண்டைக் குடுத்தா மழை பெஞ்சதை நிலையம் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

உட்கார்ந்தேன்.

'நகரில் மழை பெய்யவில்லை' என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. மேசையைச் சுற்றியிருந்த எங்களில் ஒருவரும் நனைந்திருக்கவில்லை. ஆகவே அது ஏகமனதாக நிறைவேறியது.