ஐந்து பிரதிகளில் ரகசியம்

மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன் தம்முடைய ஐம்பத்துநாலு வருஷ வாழ்க்கையில் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அதாவது, படிவத்தில் சொன்னதில்லை. ரேஷன் அலுவலகத்து சூப்பரின்டெண்ட் அப்படித்தான் இருக்க வேண்டும். தாராவியிலிருந்து கார்டுக்கு வந்து நிற்கிறவர்களிடம் தகப்பனார் பெயரை மூன்று தடவை கேட்பார். மூன்று தடவையும் ஒரே பெயர் வந்தால்தான் கையெழுத்து.

அப்பேர்ப்பட்டவர் மகள் சுப்புலக்ஷ்மியின் ஜாதகத்தில் மட்டும் நாலு வருஷத்தை விழுங்கியிருந்தார். இருபத்தாறு வயதுப் பெண் என்றால் வரன் வரவில்லை. இருபத்திரண்டு என்று புது ஜாதகம் எழுதி வாங்கிய மறுமாதமே மதராஸ் சுந்தரராமனின் பிள்ளை வந்து பெண் பார்த்துவிட்டுப் போனான். இதில் வேங்கடசுப்ரமணியனுக்கு உறுத்தல் ஏதும் இல்லை. ஜாதகத்தில் பொய் இருந்தால் அது நவக்கிரகங்கள் பாடு. படிவத்தில் இருந்தால் ஆறு மாதம் ஜெயில்.

நிச்சயதார்த்தம் ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டில். அந்த அறுபத்தாறாம் வருஷத்து மழைக்குச் செவ்வாயன்று கண்டாலா மலையில் மண் சரிந்து மதராஸ் மெயில் நின்றுபோயிற்று. முகூர்த்தம் தவறினால் வேறு இடம் பார்ப்பதாகச் சுந்தரராமன் முன்பே எழுதியிருந்தார். அவர் கையில் இன்னும் மூன்று ஜாதகம் தயாராக இருந்தது. இந்த இடமும் தட்டிப்போனால் சுப்புலக்ஷ்மிக்கு அப்புறம் கல்யாணமே இல்லை என்று வேங்கடசுப்ரமணியன் நிஜமாகவே பயந்தார். ஆகவே, பிறந்ததிலிருந்து மரத்தில்கூட ஏறாத அவர் விமானம் ஏறுவதென்று தீர்மானித்துக் கோட்டைப் பகுதியிலிருந்த விமானக் கம்பெனிக்குப் போனார்.

கவுண்டரில் இருந்தவன் பஞ்சு. மாட்டுங்காவில் அடுத்த தெருப் பையன், இப்போது டை கட்டியிருந்தான்.

"வாங்கோ மாமா! டிக்கெட் இருக்கு. ஆனா முதல்ல பயணிகள் அந்தரங்கப் பாதுகாப்புப் படிவம். எழுபத்தோரு கேள்வி. போன மாசந்தான் அமலுக்கு வந்தது."

படிவம் என்றதும் வேங்கடசுப்ரமணியனுக்கு மனம் குளிர்ந்தது. பேனாவைத் திறந்துகொண்டு, "கொடு, பூர்த்தி பண்ணித் தரேன்" என்றார்.

"அதெப்படி? ரகசியப் படிவமாச்சே. பயணி கண்ணால பாக்கக் கூடாது. நான் படிப்பேன், நீங்க பதில் சொல்லணும். மழைச் சத்தம், கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கோ."

வேங்கடசுப்ரமணியன் திரும்பிப் பார்த்தார். பின்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். அவர் முதுகையொட்டி நின்றவர் தாராவியில் தோல் மண்டி வைத்திருந்த முகைதீன்.

"எடை?"

"எழுபத்தெட்டு கிலோ."

"தூக்கத்துல குறட்டை உண்டா?"

"அது எதுக்குடா?"

"பக்கத்து சீட்டுக்காரர் என்ஜின் கெட்டுப்போச்சுன்னு பயந்துடக் கூடாதே."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஆறு மாதம் ஞாபகம் வந்தது. "உண்டு" என்றார்.

"மூல வியாதி?"

"பஞ்சு!"

"மூணு மணி நேரம் உக்காரணும் மாமா. கம்பெனிக்குக் கவலை இருக்காதா?"

"...உண்டு."

"உள்மூலமா, வெளிமூலமா அய்யரே?" என்று முகைதீன் அனுதாபத்துடன் விசாரித்தார்.

"அவசரப்படாதீங்க பாய். அது நாப்பத்திரண்டாவது கேள்வி" என்றான் பஞ்சு.

"வெக்கப்படாதிய அய்யரே. எங்க வாப்பாவுக்கும் இருந்துச்சு" என்று முகைதீன் தைரியம் சொன்னார். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் தமக்கும் இருப்பதாகச் சொன்னார். அவரை யாரும் கேட்கவே இல்லை.

அடுத்து, எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார், எதற்காக. எல்லாம் சொன்னார். அதற்கடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டார்.

"பிள்ளைகள் பேர், பிறந்த தேதி?"

"அவளா பிளேன்ல போறா?"

"விமானம் விழுந்தா யாருக்குச் சொல்றதுன்னு வேணுமோல்லியோ?"

"அதுக்குத் தேதி எதுக்கு?"

"மைனரா இருந்தா சொல்ல மாட்டோம். கார்டியனுக்குத்தான் சொல்வோம்."

"கார்டியனே நான்தானேடா!"

"அப்ப உங்களுக்குத்தான் சொல்வோம்" என்றான் பஞ்சு, விதிகளில் வழி இல்லாத வருத்தத்தோடு.

வேங்கடசுப்ரமணியன் கண்ணை மூடிக்கொண்டு உண்மையான தேதியைச் சொன்னார். பஞ்சு கார்பன் வைத்து ஐந்து பிரதி எழுதினான்.

"ஒண்ணு இங்கே, ஒண்ணு ஹெட் ஆபீசுக்கு, ஒண்ணு அதுக்கும் மேலிடத்துக்கு, ஒண்ணு நீங்க இறங்கற ஊருக்கு. அஞ்சாவது, இந்த நாலும் தொலைஞ்சா வெச்சுக்க."

"எனக்கு?"

"உங்களுக்கு எதுக்கு மாமா? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு உறையை நீட்டினான். "சுந்தரராமனோட பிள்ளை பொண்ணு பாத்துட்டு நம்ம பிளேன்லதான் திரும்பினார். அவரோட அஞ்சாவது பிரதி. அடுத்த தெரு மாமாவாச்சேன்னு தரேன்."

"சீ! பிறத்தியார் ரகசியத்தை நான் தொடுவேனா?" என்று சீறிவிட்டு, அதைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

மதராஸில், மாம்பலத்து வீட்டில் சுந்தரராமன் வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாங்கோ, வாங்கோ! எழுபத்தெட்டு கிலோன்னா, பாத்தா தெரியலையே!"

வேங்கடசுப்ரமணியன் தம் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டே பந்தியில் உட்கார்ந்தார். இலையில் சேனைக்கிழங்குக் கறி, சேனைக்கிழங்கு மசியல், சேனைக்கிழங்கு வறுவல். சுந்தரராமனின் மனைவி அபயாம்பாள் மறுபடியும் கறியைக் கொண்டுவந்தாள். "கூச்சப்படாம சாப்பிடுங்கோ. உங்க உபாதைக்கு நல்லதுன்னு இவர்தான் பண்ணச் சொன்னார்."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"என் மச்சினன் மீனம்பாக்கத்துல இருக்கான்" என்றார் சுந்தரராமன். "உங்க நாலாவது பிரதி உங்க பிளேன்லயே வந்தது. உங்களுக்கு முன்னாடியே இறங்கி ஆத்துக்கு வந்துடுத்து."

"அது ரகசியமாச்சே!"

"ரகசியமா இருக்கறதாலதான் நம்பிப் படிச்சேன். ஜாதகம்னா நாலு பேருக்குக் காட்டறது, கண்டதையும் எழுதுவா." சுந்தரராமன் கையைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணுக்கு இருபத்தாறு வயசாமே?"

வேங்கடசுப்ரமணியன் இலையிலிருந்து கையை எடுத்தார். ஒன்பது தடவை அலங்கரித்துக்கொண்டு, ஒன்பது தடவை பஜ்ஜித் தட்டோடு வந்து நின்ற மகளை நினைத்தார். பாவம் என்று இருந்தது. கோபமும் வந்தது. பையைத் திறந்து உறையைக் கிழித்து, பிறத்தியார் ரகசியத்தை உரக்கப் படித்தார்.

"மாப்பிள்ளைக்கு ஜாதகத்துல இருபத்தெட்டு. இதுல முப்பத்தஞ்சு. மேல் வரிசைப் பல் பூராவும் கட்டினது. குறட்டை, உண்டு."

அபயாம்பாள் கறிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சுந்தரராமன் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் ஒப்பிட்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"பொய் ஜாதகத்துல பத்துக்கு எட்டுப் பொருத்தம்தான் இருந்தது. இதுல பாருங்கோ, அவாவா பொய்யை அவாவா ஒத்துண்டிருக்கா, குறட்டை ரெண்டாத்துலயும் இருக்கு. இந்தப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?"

அன்றே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். கல்யாணம் தை மாதம்.

செய்தி மாட்டுங்காவுக்கு வந்ததும் ஜோசியர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஜாதகத்தை நீட்டினால், சம்பந்தி வீட்டார் "படிவம் இல்லையா?" என்று கேட்டார்கள். பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் ஒரு நடை விமானத்தில் அனுப்பிவைப்பது கௌரவம் என்றாயிற்று. விமானத்தில் போகாத குடும்பம் எதையோ மறைக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பஞ்சுவுக்குக் கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் முதல் இலை. முகைதீன் ஒருநாள் ரேஷன் அலுவலகத்துக்கு வந்து, "இப்பம் தேவலையா அய்யரே?" என்று மட்டும் கேட்டார். வேங்கடசுப்ரமணியன் தகப்பனார் பெயரை ஒரு தடவைகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

கடைசியில் மாட்டுங்காப் பெரியவர்கள் கூடி, எழுபத்தோரு கேள்வி போதாது, சமையல், சங்கீதம், சுபாவம் பற்றி மேலும் இருபது கேள்விகள் வேண்டும் என்று விமானக் கம்பெனிக்கு மனு அனுப்பத் தீர்மானித்தார்கள். மனுவை எழுதியவர் வேங்கடசுப்ரமணியன். அதை டைப் அடித்தவள், கோட்டையில் டைப்பிஸ்டாக இருந்த சுப்புலக்ஷ்மி.

இருபதாவது கேள்வியை அடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "அப்பா, இன்னும் ஒரு கேள்வி சேக்கலாமா?"

"என்ன?"

"இந்த வரன்ல பொண்ணுக்கு இஷ்டமான்னு."

வேங்கடசுப்ரமணியன் காதைப் பொத்திக்கொண்டார்.

"அசடே! அது ஒருத்தியோட அந்தரங்கமில்லையோ? அதைப் போய் யாராவது கேப்பாளா?"

சுப்புலக்ஷ்மி மெஷின் பக்கம் திரும்பினாள். பிறகு காகிதத்தை உருவி, கார்பனைச் சரிபார்த்து, கீழே அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஐந்து பிரதியிலும் புள்ளி வைத்துக் கொடுத்தாள்.